அப்பனுக்கு விடுதலை, மகளுக்கு?

நேபாளத்தின் மேற்குத் தராய் சமவெளியில் தாரு ஜனங்கள் வாழ்கிறார்கள். நமக்குப் பொங்கல் வரும் நாட்களில் அவர்களுக்கு ‘மாகி’ பண்டிகை. அந்தப் பண்டிகையில்தான் எட்டு, பத்து வயதுப் பெண் குழந்தைகளை நிலச்சுவான்தார் வீட்டுக்கும் நகரத்து உத்தியோகஸ்தர் வீட்டுக்கும் ஓராண்டு வேலைக்குப் பேசி அனுப்பி வந்தார்கள். ‘கம்லரி’ என்று அதற்குப் பெயர். கூலி சொற்பம், அதுவும் தகப்பன் கைக்கு.

பெற்றவர்கள் கல்நெஞ்சர்களா? இல்லை. 1950-களுக்குப் பின் மலேரியா ஒடுக்கப்பட்டதும், மலையிலிருந்து இறங்கி வந்தவர்களிடம் தாருக்களின் நிலம் போய்ச் சேர்ந்தது. உழுதவன் ‘கமையா’ என்னும் பண்ணையடிமை ஆனான். 2000 ஜூலை 17-ல் சர்க்கார் கமையா முறையை ரத்துச் செய்தது. ஆனால் நிலம்? பல குடும்பங்கள் வெறுங்கையோடு தெருவில் நின்றன. அப்பன் விடுதலையானான், மகள் பாத்திரம் தேய்க்கப் போனாள்!

அக்காலத்தில் தாங் மாவட்டத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம், மகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு ஒரு பன்றிக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ கொடுத்தது. வளர்த்து விற்றால் அவள் கூலிக்கு ஈடாகும். பள்ளிச் செலவையும் ஏற்றது. இதை நாம் கேலி செய்யமாட்டோம். பசித்த வீட்டின் கணக்கு அதுதான்.

மீண்டு வந்து படித்த பெண்களே பிறகு கிராமம் கிராமமாக ஊர்வலம் போனார்கள். 2013-ல் ஒரு கம்லரிச் சிறுமி தீக்காயத்தால் மாண்டாள். அப்பெண்கள் காட்மாண்டு வீதிகளில் திரண்டார்கள், போலீஸ் தடியடியும் பட்டார்கள். ஜூன் மாதம் சர்க்கார் பணிந்து, கம்லரி முறை ஒழிந்ததாகப் பிரகடனம் செய்தது.

பிரகடனத்தில் பள்ளிக்கூடம் உண்டு. உழ நிலம் இல்லை.