நிலமும் நினைவும்

நிலக்காட்சிச் சித்திரம் கண்ணுக்கு இனியதொரு பொழுதுபோக்கென எண்ணுவாருளர். அன்னார் கொரிய அறிஞர் கிம் ஜொங்-ஹீ 1844 ஆம் ஆண்டில் வரைந்த சேஹான்தோ என்னும் ஓவியத்தை ஒருமுறை நோக்குவாராக. வெறுமையான வீடொன்று, மருங்கில் நான்கு மரங்கள். ஆளில்லை, வண்ணமில்லை. உலர்ந்த தூரிகையாற் கீறிய மைக்கோடுகளேயுள. வீட்டின் சுவரும் கூரையும் ஒன்றற்கொன்று இயையாக் கோணத்தில் நிற்கின்றன. நம் பரீட்சகர் கையிற் சிக்கியிருப்பின் புள்ளி குறைந்திருக்கும்!

அரசியற் பகையால் 1840 இல் ஜேஜு தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர் கிம். யீ சாங்-ஜொக் என்னும் மாணாக்கரோ அவரைக் கைவிட்டாரல்லர். மொழிபெயர்ப்பாளராகச் சீனம் சென்று வருங்காலத்து அரிய நூல்களைத் தேடி அனுப்பினார். அந்நன்றி கருதித் தீட்டியதே இப்படம். கடுங்குளிர் வந்த பின்னரே பைன் மரத்தின் வாடாமை புலப்படும் என்பது கொன்பியூசியஸ் வழிவந்த கருத்து. அதனை உணர்ந்தார்க்கு அம்மரங்கள் திரியா நட்பாகும். பனி தீட்டப்படவில்லை, வெறுந்தாளே குளிர்கின்றது.

யீ அதனைப் பீக்கிங்குக்கு எடுத்துச் செல்லப் பதினாறு சீன அறிஞர் உரையெழுதிச் சேர்த்தனர். ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் நீளமான ஓவியம், பின்வந்தோர் உரைகளுங் கூடி 14 மீற்றருக்கும் மேற்பட்ட சுருளாயிற்று. யப்பானிய அறிஞர் ஒருவரிடமிருந்து 1944 இல் அது மீட்கப்பட்டது. மறு ஆண்டே அவர் சேமிப்பிற் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்தது. 2020 இல் கொரியத் தேசிய நூதனசாலைக்கு அது நன்கொடையாக வழங்கப்பட்டது.

இஃது நமக்குப் புதிதன்று. பாலைக்குத் தொல்காப்பியர் நிலம் வகுத்தாரல்லர். நண்பகலையும் வேனிலையும் வகுத்தார். பிரிவின் வெம்மைக்குப் பொழுதே போதுமென அவர் கண்டார் போலும். முதலுங் கருவும் உரிப்பொருளைத் தாங்கி நிற்கும் இந்நெறியை வகுப்பிற் கற்பிக்கின்றோம். அடுத்த பாடவேளையிற் சித்திரத்தாளில் அதனை மறந்துவிடுகின்றோம்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இரு மலைகளும் அவற்றினிடையே ஒரு ஞாயிறும் வரைகின்றது. எவர் மலை அது? எவர் நினைவு? 2009 இல் முடிந்த போரிலே எறிகணையால் தலையிழந்து நின்ற பனைகளை நம் பெற்றோர் கண்டனர். அம்மொட்டைப் பனையைப் பிள்ளையொன்று வரைந்தால், 'ஓலை எங்கே?' என்று கேட்டுத் திருத்தவே நம் கை முந்துகின்றது. சித்திர ஆசிரியர்காள், அத்தாளைச் சற்றே தமிழாசிரியரிடமும் காட்டுங்கள்.