முதலில் படியெடுங்கள், பிறகு சோதியுங்கள்

சிடாம் கிரி வட்டாரத்தில் மறைந்துபோன தோட்டங்களின் பழைய நிழற்படங்களைப் பள்ளிக் கணினியில் சேமித்து வைத்திருப்போரே, சற்றுச் செவிசாயுங்கள். வன்தட்டு 'டிக் டிக்' என ஒலித்தாலோ, ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் திணறினாலோ, உடனே சோதனை மென்பொருளை ஓடவிடுகிறோம். இவ்வரிசை தவறானது என்பேன். தட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனையே நலிந்த தட்டின் இறுதி மூச்சாகிவிடலாம். படியெடுத்தலே முதற்பணி.

'ஸ்மார்ட்' அறிக்கை நலமென்று கூறினாலும் நம்பி இருந்துவிடாதீர். கூகிள் நிறுவனம் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றையும் காட்டவில்லை. குறி தோன்றினாலோ நிலைமை கடுமை: படிப்பதில் முதற்பிழை தென்பட்ட தட்டு அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு. புதுக் கணினிக்குப் பணம் திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கம், படியெடுக்க இன்னொரு தட்டு வாங்க ஏனோ தயங்குகிறது! அதை வாங்கிப் படியெடுத்தபின், பழையதைச் சுங்கைப் பட்டாணிக் கடைக்கு நிதானமாகக் கொண்டுசெல்லலாம்.