வெள்ளத்தில் வீடு கட்டும் தகப்பன்

"பாஸ்" என்றதும் உங்களுக்குப் பரீட்சை ஞாபகம் வருகிறதா? இது அந்தப் பாஸ் அல்ல; அமெரிக்க ஏரிகளில் வாழும் ஒரு மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய். 'பெருவாய் பாஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விடுமுறை நாளில் விடியுமுன் எழுந்து, தூண்டிலும் கையுமாகப் படகேறும் அமெரிக்கர்களில் பலர் இந்த மீனைத் தேடித்தான் போகிறார்கள். பிடித்ததும் எடை பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறவர்கள் அவர்களில் அநேகர். "சமையலுக்கு இல்லையென்றால் பிடிப்பானேன்?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களுடைய மனைவிமாரும் கேட்டிருப்பார்கள்!

அது கிடக்கட்டும். வசந்த காலத்தில் ஏரி பெருகும்போது இந்த மீன் நடத்தும் குடித்தனம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆர்க்கன்ஸா, மிஸௌரி ராஜ்யங்களின் எல்லையில் புல் ஷோல்ஸ் என்று ஓர் ஏரி இருக்கிறது. ஒயிட் நதியின் குறுக்கே கான்கிரீட் அணை கட்டியதால் உண்டான ஏரி. 1952 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமனே நேரில் வந்து அணையைத் திறந்து வைத்தார். மின்சாரம் எடுப்பதோடு, வெள்ளத்தைப் பிடித்து வைப்பதும் அந்த அணையின் வேலை. அதனால் வசந்த மழை பலமாகப் பிடித்துக்கொண்டால் ஏரி ஊதிப் பெருத்துவிடும். சாதாரண நாளில் சுமார் 45,000 ஏக்கர் பரப்பு. வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய இடமெல்லாம் நிரம்பினால் சுமார் 71,000 ஏக்கர்! 2011 வசந்தத்தில் அப்படித்தான் நிரம்பி, அதற்கு மேலும் ஏறிற்று. வழக்கமான மட்டத்தைவிட நாற்பது அடிக்கு மேல் என்றால், நாலு மாடி வீட்டின் உயரம்.

அப்படிப் பெருகும்போது கரையோரத்துப் புல், புதர், மரம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. குடும்பங்கள் வந்து கூடாரம் போடும் மைதானங்களும், அங்கே போட்டிருக்கும் சாப்பாட்டு மேஜைகளும்கூட மூழ்கிவிடுவது உண்டு. படகுத்துறை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அந்தப் பருவம் போயிற்று. பாஸ் மீனுக்கோ, இப்போதுதான் நல்ல முகூர்த்தம்.

தண்ணீர் சற்றே சூடேறி, 16 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் ஆண் மீன் கரையோரம் வந்துவிடுகிறது. இரண்டு மூன்று அடி ஆழத்தில் ஓர் இடம் பார்த்து, வாலாலேயே சேற்றை விலக்கிப் பெருக்கி, தட்டுப் போல வட்டமாக ஒரு கூடு அமைக்கிறது. பிறகுதான் பெண் மீன் வருகிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பாராமல் ஆழத்துக்குப் போய்விடுகிறது. முட்டையைக் காப்பதும், சில நாளில் பொரிந்து வரும் குஞ்சுகளை மேய்ப்பதும் தகப்பன் பாடு. அந்த நாட்களில் அது சரியாக இரைகூடத் தேடுவதில்லை. (இந்த இடத்தைக் கொஞ்சம் உரக்கவே படியுங்கள், பக்கத்து நாற்காலியில் பத்திரிகை படிப்பவர் காதிலும் விழட்டும்.)

வெள்ளம் எப்படி உதவுகிறது? மூழ்கிய புல் அழுகுவதால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அதுதான் குஞ்சுகளுக்கு முதல் ஆகாரம். புதர்களோ பெரிய மீன்களுக்கு அகப்படாமல் ஒளிந்துகொள்ள அறை அறையாக இடம் தருகின்றன. ஆகவே, நல்ல வெள்ளம் வந்து அது நின்று நிதானித்த வருஷத்தில் பிழைக்கும் குஞ்சுகள் அதிகம். மூன்று நான்கு வருஷம் கழித்துத் தூண்டில்காரர்களுக்கு அது தெரியும்.

நின்று நிதானிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மதகைத் திறந்து மட்டத்தைச் சட்டென்று இறக்கினால், கூடு கரையில் காய்ந்து போகும். ஆனால், அணையைப் பார்த்துக்கொள்ளும் ராணுவப் பொறியியல் துறையினர் மீனுக்காகவா கதவை மூடுகிறார்கள்? நதியின் கீழ்ப்போக்கில் வயல்களும் வீடுகளும் இருக்கின்றன. நியூபோர்ட் என்ற ஊரில் ஆறு எத்தனை அடி ஓடுகிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்கிறார்கள். கீழேயும் வெள்ளம் என்றால் மேலே வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். விவசாயியின் வயலுக்காகப் பிடித்து வைத்த தண்ணீரில் மீன் குழந்தை வளர்க்கிறது.

தூண்டில்காரனுக்குத் தக்கையிலே கண் என்பார்கள். இந்த வெள்ளத்தில் அவனுக்குக் கண் புதரிலே! நடு ஏரிக்குப் போய் வீசிப் பயனில்லை. கலங்கல் தண்ணீரில் கரையை ஒட்டி மெல்லப் படகைச் செலுத்தி, நீண்ட கோலால் புதரின் நடுவில் சத்தமில்லாமல் இரையை இறக்க வேண்டும். தூர வீசாமல் ஊஞ்சல் ஆட்டுவது போல் ஆட்டி இறக்கும் இந்த வித்தையைப் பிரபலமாக்கியவர் டீ தாமஸ் என்ற கலிபோர்னியாக்காரர். 1975இல் இதே புல் ஷோல்ஸ் ஏரிக்கு வந்து, இதே வித்தையால் போட்டியில் ஜெயித்தார். இரை எது என்கிறீர்களா? பெரும்பாலும் பிளாஸ்டிக் புழு! 1949இல் ஒஹையோ ராஜ்யத்து ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டிலேயே வினைலைக் காய்ச்சி, எண்ணெயும் சாயமும் கலந்து வார்த்தது அது. வீட்டில் என்ன வாசனை அடித்திருக்குமோ, அந்த அம்மாளுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால், கூட்டின் மேல் விழுந்த அந்தப் புழுவைத் தகப்பன் மீன் கவ்வுவது பசியால் அல்ல. குழந்தைகளைத் தின்ன வந்த பகை என்று எண்ணி, வாயில் பிடித்துத் தூர எறியப் பார்க்கிறது. மாட்டிக்கொள்கிறது. அதைப் படகில் தூக்கி எடை பார்க்கும் அந்தச் சில நிமிஷத்துக்குள், சுற்றிலும் காத்திருக்கும் புளூகில் என்ற சின்ன மீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

கனடாவின் ஒன்டேரியோவில் இதற்காகவே, பெரும்பாலான இடங்களில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கத் தடை. தெற்கே ஆர்க்கன்ஸாவில் அப்படி இல்லை. "குஞ்சுகள் ஏராளம், சில கூடுகள் போனால் ஏரி ஒன்றும் காலியாகிவிடாது" என்பது அந்தப் பக்கத்து வாதம். கணக்குச் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் என் மனசு ஒன்டேரியோக்காரர்கள் பக்கமே சாய்கிறது. முட்டையிட்டு முடித்த தாய் மீன்கள் புதருக்கு வெளியே, கொஞ்சம் ஆழத்தில்தான் இளைப்பாறிக்கொண்டிருக்கின்றன. பசியும் அவற்றுக்குத்தான். தூண்டிலை அங்கே போடலாமே?