உண்மை உரைப்போர்க்கு ஓர் அரண்

நுழையும்முன்

குடியாட்சியில் அரசின் செயல்களை அறிந்துகொள்வது மக்களின் உரிமை. அவ்வுரிமைக்குச் சட்டம் இயற்றிய நாடு, முறைகேட்டைக் கண்டு துணிந்து சொல்வோரைக் காப்பதற்கும் ஒரு சட்டம் இயற்றியது. முதற்சட்டம் நடைமுறையில் உள்ளது. இரண்டாம் சட்டம் ஏட்டளவில் நிற்கிறது. இந்நிலை மாற வேண்டியதன் தேவையை இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சிந்திக்கிறது இக்கட்டுரை.

வங்கக் கடலில் புயல் உருவாகும்போது பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. பகலில் கூம்பு, உருளை வடிவங்களும் இரவில் விளக்குகளும் அவ்வெச்சரிக்கையைத் தாங்கி நிற்கும். ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்களுள் எது ஏற்றப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தே மீனவர், கடலுக்குச் செல்வதா படகைப் பாதுகாப்பதா என முடிவுசெய்கின்றனர். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் நினைவு இன்றும் நீங்காத கரை இது. இங்கு, உரிய காலத்தில் கிடைக்கும் செய்தி உயிருக்கு நிகரானது. கூண்டேற்றிய ஊழியரிடம், ஒருநாள் தொழில் கெட்டதே என்று எவரும் பகைமை பாராட்டுவதில்லை.

பொதுவாழ்விலும் இத்தகைய எச்சரிக்கையாளர் உண்டு. பொதுப்பணம் களவுபோவதையும் தரமற்ற பணி நடப்பதையும் இயற்கை வளம் சூறையாடப்படுவதையும் கண்டு, அதை உரிய இடத்தில் தெரிவிப்போர் அவர்கள். ஆங்கில வழக்கில் 'விசில் புளோயர்' எனப்படும் இவர்களை 'முறைகேட்டை வெளிப்படுத்துவோர்' எனலாம். கூண்டேற்றுபவருக்குக் கிடைக்கும் நன்றி இவர்களுக்குக் கிடைப்பதில்லை. இடமாற்றம், பணியிடை நீக்கம், மிரட்டல் ஆகியவற்றை எதிர்கொள்ளும் இவர்களுள் சிலர் உயிரையும் இழந்துள்ளனர்.

கேட்கும் உரிமை

ஆட்சியாளர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கி வைத்தது. குற்றம் கண்டவிடத்து இடித்துரைக்கும் பெரியோரை ஆட்சியாளர் தமக்குத் துணையாகக் கொள்ள வேண்டும் என்பதற்காகவே திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரம் அமைந்துள்ளது.

இக்காலத்தில் இவ்வெண்ணத்தை மக்கள் இயக்கமாக வளர்த்தவர்கள் இராசஸ்தானின் ஏழை உழைப்பாளர்கள். 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் அமைப்பு 1994 முதல் ஊர்தோறும் பொது விசாரணைகளை நடத்தியது. கூலிப் பதிவேடுகள் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலை செய்யாதவர் பெயரில் பணம் எடுக்கப்பட்டதும், கட்டாத கட்டடத்திற்குக் கணக்கு எழுதப்பட்டதும் அவ்வாறே வெளிப்பட்டன. தமிழ்நாடு 1997இல் தகவல் பெறுவதற்கான சட்டத்தை இயற்றி முன்னோடி மாநிலங்களுள் ஒன்றாயிற்று. 2005 அக்டோபர் 12 முதல் மைய அரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

தெரிந்து தெளிவோம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பித்த 30 நாள்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாயின் 48 மணிநேரத்திற்குள் தரப்பட வேண்டும். உரிய காரணமின்றிக் காலம் தாழ்த்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மக்கள் கேட்காமலேயே அரசு தானே வெளியிட வேண்டிய தகவல்களை இச்சட்டத்தின் நான்காம் பிரிவு வரையறுக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்குகிறது. பயனாளிகளின் பட்டியல் ஊரறிய வெளியிடப்பட்டால், தகுதியுள்ளவர் விடுபட்டதையும் தகுதியற்றவர் சேர்க்கப்பட்டதையும் ஊராரே கண்டறிவர். வெளிப்படைத்தன்மை என்பது இத்துணை எளிய செயலில் தொடங்குகிறது.

எனினும், கேள்வி கேட்பதற்கே ஓர் அறிவு முன்னதாகத் தேவைப்படுகிறது. எந்தக் கோப்பில் எது மறைக்கப்பட்டுள்ளது என்பதை வெளியிலிருப்பவர் அறியார். அதை அறிந்தவர், உள்ளே பணியாற்றும் எழுத்தரோ பொறியாளரோ தொழிலாளியோதான். ஆகவே, கேட்போர்க்கு உரிமை மட்டும் அளித்து, சொல்வோர்க்குப் பாதுகாப்பு அளிக்காவிடில் வெளிப்படைத்தன்மை பாதிவழியில் நின்றுவிடும்.

பாம்பன் காட்டும் பாடம்

சொல்வோர்க்குப் பாதுகாப்பு இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு இக்கரையிலேயே ஒரு சான்று உண்டு. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்திற்கு மாற்றாகப் புதிய பாலம் கட்டப்பட்டது. 2024 நவம்பரில் அதனை ஆய்வு செய்த இரயில் பாதுகாப்பு ஆணையர், திட்டமிடலிலிருந்தே குறைகள் உள்ளதாகவும் உலோகப் பகுதிகளில் அரிப்புத் தோன்றியுள்ளதாகவும் தம் அறிக்கையில் வெளிப்படையாக எழுதினார். வேக வரம்புகளையும் விதித்தார். இரயில்வே நிருவாகம் தன் விளக்கத்தை அளித்தது. பாலத்தின் வடிவமைப்பு ஐ.ஐ.டி. வல்லுநர்களால் சரிபார்க்கப்பட்டது என்றது. குறைகளை ஆராய இரயில்வே அமைச்சகம் ஐவர் குழுவை அமைத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது.

இங்கே நாம் கருத வேண்டியது, இரு தரப்புள் எவர் கூற்றுச் சரி என்பதன்று. ஓர் அலுவலர் பெரும் அரசுத் திட்டம் ஒன்றின் குறையை எழுத்தில் பதிவுசெய்ய எவ்வாறு முடிந்தது என்பதே. இரயில் பாதுகாப்பு ஆணையர் இரயில்வே அமைச்சகத்தின்கீழ் இயங்குபவர் அல்லர். அவ்வமைப்பு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. பாலத்தைக் கட்டுபவரே அதன் பாதுகாப்புக்குச் சான்றளித்தல் கூடாது என்பதற்காக, விடுதலைக்கு முன்பே, 1941இல் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அவருடைய கடமையும் அதிகாரமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. எனவே, அவர் உண்மை என்று கருதியதை எழுதுவதற்குத் தனிப்பட்ட வீரம் தேவைப்படவில்லை, கடமையுணர்வே போதுமாயிற்று. நல்ல சட்டத்தின் பயன் இதுவே. அது, உண்மை உரைப்பதை அரிய வீரச்செயல் என்னும் நிலையிலிருந்து அன்றாடக் கடமையாக மாற்றுகிறது.

அரணற்றோர் அடைந்த முடிவு

இத்தகைய அரண் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்தியேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணிகளில் நிகழ்ந்த முறைகேடுகள் குறித்து 2002இல் பிரதமர் அலுவலகத்திற்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை மறைவாக வைக்குமாறு அதில் வேண்டினார். அவ்வேண்டுகோள் காக்கப்படவில்லை, பெயருடனேயே அக்கடிதம் அலுவலகங்கள்தோறும் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று அவர் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறியில் நிகழ்ந்த கொலை என்பதே புலனாய்வின் முடிவு. ஆயினும், நம்பி எழுதியவரின் பெயரை அரசு அமைப்பு காக்கத் தவறியமை நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. அதன் விளைவாக 2004இல், மைய அரசுப் பணிகள் குறித்த இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பு மத்தியக் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒரு தீர்மானத்தின் வழியே ஒப்படைக்கப்பட்டது.

இராமநாதபுரத்தின் அண்டை மாவட்டமான தூத்துக்குடியில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மணல் கடத்தலுக்கு எதிராகப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாட்டில் தம் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசு அவர் குடும்பத்திற்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. நீதி விரைந்து வந்தது. ஆனால், அவர் உயிர் போன பின்னரே வந்தது. புகார் அளித்த நாளுக்கும் கொலை நிகழ்ந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவரைக் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இயற்றியும் இயங்காத சட்டம்

இவ்விடைவெளியை நிரப்ப ஒரு சட்டம் உண்டு. 2010இல் மக்களவையில் முன்வைக்கப்பட்டு, 2011இல் அங்கும் 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, அவ்வாண்டு மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமே அது. அரசு ஊழியர் மட்டுமன்றி எவரும் அச்சட்டத்தின்கீழ்ப் புகார் அளிக்கலாம். புகார் அளித்தவரின் அடையாளத்தை வெளியிடுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புகார் அளித்தவர் பழிவாங்கப்பட்டதாக முறையிட்டால், அது பழிவாங்கல் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு நிருவாகத்தையே சாரும்.

ஆயினும், எந்நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை மைய அரசு அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அவ்வறிவிப்பு வெளிவரவே இல்லை. வெளியிடத்தகாத தகவல்களின் வகைகளை விரிவாக்க முனைந்த 2015ஆம் ஆண்டுத் திருத்த முன்வரைவும் நிறைவேறாமல் காலாவதியாயிற்று. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்ற ஒரு சட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக உறங்குவது குடியாட்சிக்கு அழகன்று.

பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள இலங்கை, 2016இல் இயற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே இதற்கு வழி செய்துள்ளது. அச்சட்டப்படி மக்களுக்குத் தரத்தக்க தகவலை வெளியிட்ட ஊழியரைத் தண்டித்தல் கூடாது என்று அதன் நாற்பதாம் பிரிவு கூறுகிறது. கேட்கும் உரிமையும் சொல்வோரின் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் இணைந்திருப்பது நாம் கருதத்தக்கது.

ஐயங்களும் விடைகளும்

பகைமையால் பொய்ப்புகார் பெருகாதா என்பது ஓர் ஐயம். அறிந்தே பொய்ப்புகார் அளிப்போர்க்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை என 2014ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. பெயரில்லாப் புகாரையும் அது ஏற்பதில்லை. நாட்டின் பாதுகாப்பு கெடாதா என்பது மற்றோர் ஐயம். இவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. குறிப்பாக, இராமநாதபுரம் கடல் எல்லையை ஒட்டிய மாவட்டம். பாதுகாப்புத் தொடர்பான இரகசியங்கள் காக்கப்பட வேண்டியவையே. ஆனால், நிவாரணப் பட்டியலும் சாலை ஒப்பந்தமும் இரகசியங்கள் அல்ல. மேலும், வெளிப்படுத்துவோர் செய்தியை ஊரெங்கும் பரப்புவதில்லை. சட்டம் காட்டும் ஆணையத்திடமே ஒப்படைக்கின்றனர்.

செய்ய வேண்டுவன

சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், பெயரை மறைப்பது மட்டும் போதாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. கடல் அட்டை பிடிப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இக்கடலில் நிகழும் கடத்தலுக்கு அலுவலர் ஒருவர் துணைபோவதாகக் கொள்வோம். அதை முதலில் காண்பவர் மீனவராகவே இருப்பார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த கடற்கரை ஊரில், சொன்னவர் யார் என்பதை மறைப்பது எளிதன்று. அவர் பிறர் படகில் பங்குக்குச் செல்பவராக இருக்கலாம். வணிகரிடம் முன்பணம் பெற்றவராக இருக்கலாம். படகில் இடம் மறுக்கப்பட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. எனவே, உயிர்ப்பாதுகாப்புடன் வாழ்வாதாரப் பாதுகாப்பும் சட்டத்தில் இடம்பெற வேண்டும்.

மைய அரசு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நாளை உடனே அறிவித்தல் வேண்டும். மணல், கனிமம், கடல்வளம் குறித்துப் புகார் அளிப்போரைப் பற்றி மாவட்ட நிருவாகம் அன்றே இடர் மதிப்பீடு செய்து, தேவைப்படின் காவல் வழங்க மாநில அரசு நெறிமுறை வகுத்தல் வேண்டும். நான்காம் பிரிவின்படி வெளியிட வேண்டியவற்றை ஒவ்வோர் அலுவலகமும் தானே வெளியிடுதல் வேண்டும். செய்திகள் தாமே வெளிப்படும் இடத்தில், உயிரைப் பணயம் வைத்து ஒருவர் அவற்றை வெளிக்கொணரும் தேவை குறையும்.

மாணவர்களாகிய நீங்கள் விரைவில் வாக்காளர்கள் ஆவீர்கள். உங்களுள் பலர் பொறியாளராகவும் எழுத்தராகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் பணியேற்பீர்கள். தவறான பட்டியலில் கையொப்பமிடுமாறு ஒருநாள் உங்களிடம் சொல்லப்படலாம். அந்நாளில் மறுத்துரைக்கும் மனவுறுதியைக் கல்வி உங்களுக்குத் தரும். அவ்வாறு மறுத்தவர் பாதுகாப்பாக வீடு திரும்புவதைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும்.