பதக்கம் போருக்கா, வீரருக்கா?

சென்னை சாலிகிராமம் பக்கம் 'பரமேஸ்வரன் விஹார்'னு ஒரு ராணுவக் குடியிருப்பு இருக்கு. யார் அந்தப் பரமேஸ்வரன்?

8-வது மஹார் படைப்பிரிவின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 இரவு, இலங்கையில் தேடுதல் வேட்டை முடித்துத் திரும்பிய அவரது அணி மீது மறைந்திருந்து தாக்கினார்கள். பதறாமல் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரை வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை உத்தரவு கொடுத்தார்.

பரம்வீர் சக்ரா கிடைத்தது. இதுவரை 21 பேருக்கு மட்டுமே வழங்கப்பட்ட விருது. அதில் 14 பேருக்கு மறைவுக்குப் பிறகே.

அப்புறம் ஏன் கார்கில் வீரர்கள் அளவுக்கு இவரைப் பேசுவதில்லை? காரணம் தெரிஞ்சதுதான். அமைதிப்படை போன அந்தப் போரில் ஈழத்தின் அப்பாவித் தமிழர்களும் செத்தாங்க. 1990-ல் படை சென்னை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

அந்தக் கோபம் நியாயமானது. அப்பாவிகளுக்கு நடந்ததற்கு 'மேலிட உத்தரவு' என்பது சாக்கு ஆகாது. அந்தக் கேள்வியை விடவே கூடாது.

ஆனா, படையை அனுப்பும் முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. மேஜர் எடுத்த முடிவு வேறு: ஆபத்தில் சிக்கிய தன் ஆட்களை மீட்பது. பரம்வீர் சக்ரா அளப்பது எதிரி முன் ஒருவர் காட்டிய வீரத்தை. அந்தப் போர் சரியா தப்பா என்பதை அல்ல.

போரை எதிர்ப்பவர்களும் அந்த வீரரை நினைக்கலாம். மேஜரை மறந்துட்டா டெல்லியின் தவறு சரியாகிடாது.