அப்படியே பாட வேண்டுமா?

கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மேடையிலேயே நாற்காலி கிடைத்துவிடும். ஒரு சங்கடமும் உண்டு. கண்ணெதிரே ஓர் அநியாயம் நடந்தால், "நான் கவனிக்கவில்லையே!" என்று பிற்பாடு சொல்லித் தப்பிக்க முடியாது. சென்ற ஏப்ரல் மாதம் பென்னலூரில் இந்த இரண்டையும் நான் ஒரே மாலைப்பொழுதில் அனுபவித்தேன்.

பென்னலூரை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் வருகிற ஊர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாய் இருந்த பிரதேசம். இப்போது சுற்றுவட்டாரமெங்கும், அந்தப் பக்கம் ஒரகடம் வரையில், கார் செய்கிறவர்களும் கண்ணாடி செய்கிறவர்களும் டயர் செய்கிறவர்களுமாக ஒரே தொழிற்சாலை மயம். ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை வரிசையாக நகரும். அந்தச் சாலையோரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில்தான் காலஞ்சென்ற பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸ் அவர்களுக்கு நினைவு விழா எடுத்தார்கள்.

வந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள். சேமிப்பைப் போட்டு அந்தப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்கள். நல்லவர்கள், நல்ல ரசிகர்கள். 1960-களில் தாங்கள் மாணவர்களாக இருந்தபோது கேட்ட குரலை இன்றைக்கும் நெஞ்சில் வைத்துப் பூஜிக்கிறவர்கள். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளன்று, தமது 82-ஆம் வயதில் அவர் மறைந்தார். அன்றைக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை என்று ஒரு பெரியவர் என்னிடம் கண் கலங்கச் சொன்னார். நான் அதை நம்பினேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

விழாவில் பேச்சு குறைவு, பாட்டு அதிகம். 'கரோக்கி' என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறதல்லவா? பாடகரின் குரலை மட்டும் நீக்கிவிட்டு வாத்தியங்களை ஒலிக்க விடுவார்கள். நாம் அந்தக் காலி இடத்தில் புகுந்து பாட வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் புகுந்து பாடினார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சபையிலிருந்து ஒரே ஒரு பாராட்டுத்தான் எழுந்தது. "அப்படியே!... அப்படியே பி. பி. எஸ்.!"

ஏழரை மணி இருக்கும். கம்பெனிச் சீருடையோடு ஓர் இளைஞன் மாடிப்படி ஏறி வந்தான். காண்ட்ராக்ட் தொழிலாளியாம். கீழே பஸ்ஸுக்காக நின்றவன், பாட்டுச் சத்தம் கேட்டு வந்திருக்கிறான். "நானும் ஒரு பாட்டு பாடலாமா, சார்?" என்று கேட்டான். செயலாளர் பெருந்தன்மையோடு அனுமதித்தார். அவன் பாடத் தொடங்கியது, 1962-இல் வெளிவந்த 'சுமைதாங்கி' படத்தில் ஸ்ரீநிவாஸ் தனியாகப் பாடிய அந்த ஆறுதல் பாட்டு. கண்ணதாசன் எழுதியது; விசுவநாதன்–ராமமூர்த்தி இசை. தமிழ் தெரிந்த எந்தத் துயரப்பட்ட மனிதனும் ஒரு தடவையாவது தனக்குத்தானே முணுமுணுத்திருக்கக்கூடிய பாட்டு.

அவனுடையது பட்டுக் குரல் இல்லை. கரகரத்த குரல். ஸ்ரீநிவாஸ் மிருதுவாகத் தடவிவிட்டுப் போகிற இடங்களில் அவன் நின்றான், சொல்லை அழுத்தினான், வாத்தியத்துக்குப் பின்னால் தங்கினான். அதனால், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட அந்தச் சொற்கள், அன்றைக்குத்தான் யாரோ எனக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறாற்போல் என் காதில் விழுந்தன.

இரண்டாவது சரணத்தில் செயலாளர் கையை உயர்த்தினார். வாத்தியம் நின்றது.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதே. பி. பி. எஸ். மாதிரி வரலியே! இது நினைவு விழா, பாரு. நல்லாப் பழகிட்டு அடுத்த வருஷம் வா."

பையன், "மன்னிச்சுக்குங்க, சார்" என்றான். ஒலிபெருக்கியை ஜாக்கிரதையாக அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அடுத்தபடியாக ஒரு பெரியவர் அதே பாட்டைப் பாடினார். மூச்சு வாங்குகிற இடம்கூடப் பிசகவில்லை. கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

தலைவராகிய நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் குடிக்கிறவனைப் போல் எழுந்து, மாடிப்படியில் அவனைப் பிடித்து, "இந்தப் பாட்டை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்டேன். "எங்கப்பா பாடுவாரு, சார். கடன் வாங்கிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் திண்ணையில உக்காந்து பாடுவாரு. ஒரிஜினலை நான் ரொம்பக் கேட்டதில்லை" என்றான். பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டான். மேடையில் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன். கோழையின் கோபம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

ரசிகப் பெருமக்களை நான் கேட்கிறேன்: 'அப்படியே' என்று கொண்டாடுகிறீர்களே, அது யாருக்குச் செய்கிற மரியாதை?

ஜெமினி கணேசன் என்ற ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். 1955-இல் 'மிஸ்ஸியம்மா', 1959-இல் 'கல்யாண பரிசு': அந்த முகத்துக்கு ஏ. எம். ராஜாதான் குரல். முகமும் குரலும் பாலும் நீருமாகக் கலந்துவிட்டன என்று அன்றைய ரசிகர்கள் நினைத்திருந்தால் அது நியாயம்தான். ஆனால் 1961-இல் 'தேனிலவு' படத்தில் அதே முகம் ராஜாவின் குரலில் பாடுகிறது. அதே ஆண்டு 'பாவமன்னிப்பு' படத்தில் ஸ்ரீநிவாஸின் குரலில் பாடுகிறது. அப்புறம் 1969-இல் 'சாந்தி நிலைய'த்தில், எஸ். பி. பாலசுப்பிரமணியம் என்று அப்போதுதான் தலைகாட்டிய ஓர் இளைஞரின் குரலில் பாடுகிறது. மூன்று குரல்களில் ஒன்று மற்றொன்றைப் போல் இருந்ததா? ராஜாவைப் போலவே பாடினால்தான் ஆயிற்று என்று நம்முடைய செயலாளர் அன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், ஸ்ரீநிவாஸையும் இரண்டாவது சரணத்தில் நிறுத்தியிருப்பார்! நினைவு விழா எடுப்பதற்கு நமக்கு ஓர் ஆளே கிடைத்திருக்க மாட்டார்.

ஸ்ரீநிவாஸும் ஒரு ரசிகர்தாம். முகம்மது ரஃபியிடம் அவருக்கிருந்த பக்தி இசையுலகம் அறிந்தது. அந்தப் பக்தியை அவர் எப்படிச் செலுத்தினார்? சென்னையில் இன்னொரு ரஃபியாகத் தம்மை ஆக்கிக்கொண்டா? இல்லை. ரஃபியிடம் கற்றதைத் தம் தொண்டையில் போட்டுக் காய்ச்சி, வேறொன்றாக வடித்தெடுத்தார். உண்மையான சிஷ்யன் செய்கிற வேலை அது.

பென்னலூர் சாலையின் மறு கோடிக்குப் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். அன்றைய விழாவிலேயே பெங்களூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஏதோ தொழிற்சாலையில் என்ஜினீயர். "உங்களுக்கு அவர் ஜெமினியின் குரல், எங்களுக்கு ராஜ்குமாரின் குரல்" என்றார் பெருமையோடு. உண்மைதான். 1960-இல் 'பக்த கனகதாசா' தொடங்கிப் பல ஆண்டுகள், கன்னட மக்களுக்கு ராஜ்குமார் பாடுவதென்றால் ஸ்ரீநிவாஸ் பாடுவது என்றே அர்த்தம். ஆனால் 1974-இல் 'சம்பத்திகெ சவால்' படத்தில் ராஜ்குமார் சொந்தக் குரலில் பாடினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. நாடக மேடையில் உரம் ஏறிய குரல் அது. ஸ்ரீநிவாஸின் தென்றல் அல்ல. கன்னட ரசிகர்கள் அதையும் நெஞ்சாரத் தழுவிக்கொண்டார்கள். 1992-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை, நடித்ததற்காக அல்ல, 'ஜீவன சைத்ரா'வில் பாடியதற்காக ராஜ்குமார் வாங்கினார். அவர்கள் ஸ்ரீநிவாஸை மறந்துவிட்டார்களா? இல்லையே! பழைய குரலை நேசிக்கிறவனுக்குப் புதிய குரலைக் கேட்கக் காது இருக்காது என்று யார் சொன்னது?

"ஐயா, எங்கள் இளமையை நாங்கள் திரும்பிப் பார்த்துக்கொள்கிறோம். அதில் உமக்கென்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த ஆசை உண்டு. அதற்குத்தான் இசைத்தட்டு இருக்கிறது, வானொலி இருக்கிறது, இப்போது சட்டைப் பையிலேயே ஆயிரம் பாட்டு அடங்கிய கருவி இருக்கிறது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், கண்ணீர் விடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் உயிரோடிருக்கிற ஒருவனை மேடையில் நிறுத்தி, "நீ உன் குரலைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வா" என்று சொல்லும்போது நஷ்டம் ஆரம்பமாகிறது. ஊர்தோறும் மெல்லிசை மேடைகளில் பாடிப் பிழைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். டி. எம். எஸ். மாதிரி, பி. பி. எஸ். மாதிரி என்று சொல்லித்தான் அவர்களை அறிவிக்கிறார்கள். ஆயுளெல்லாம் பாடியும் தன் குரல் இன்னதென்று ஊருக்குத் தெரிவிக்காமலே போய்ச் சேருகிற கலைஞன் எத்தனை பேர்!

சங்கீதக் கச்சேரிக்குப் போகிறோம். தியாகராஜ சுவாமிகளின் கிருதியைப் பத்து வித்வான்கள் பத்து விதமாகப் பாடுகிறார்கள். "சுவாமிகளின் குரல் மாதிரி இல்லையே!" என்று எவரும் எழுந்து போவதில்லை. அவர் குரல் தட்டில் பதியவில்லை. அதனால் பாட்டு பிழைத்தது. சினிமாப் பாட்டுக்குக் குரல் பதிந்துவிட்டது. அதுவே அதற்குக் கால்விலங்காகிவிட வேண்டுமா?

'அப்படியே' என்ற ஆசைக்கு இன்றைக்கு யந்திரமும் வந்துவிட்டது. 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படப் பாட்டொன்றில், மறைந்துபோன பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஏ. ஆர். ரஹ்மான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவர் சொன்னார். அதே ஆண்டு, தங்களைக் கேட்காமல் தம் தகப்பனாரின் குரலை யந்திரத்தால் உண்டாக்கியதாகத் தெலுங்குப் படம் ஒன்றின் தயாரிப்பாளர்களுக்கு எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அனுமதி பெற்றதா, பெறாததா என்பது சட்டத்தின் கவலை. என் கவலை வேறு. இறந்தவரின் குரலை அச்சுப் பிசகாமல் கொடுப்பதுதான் கலையென்றால், அந்தப் போட்டியில் எந்த மனிதனும் யந்திரத்தை ஜெயிக்க முடியாது. அப்புறம் பென்னலூர்ப் பெரியவர்களுக்கும் மேடையில் வேலையில்லை. யந்திரம் பாடும், நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் 'சுமைதாங்கி'ப் பாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கவிஞர் வாலி, சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காமல் மனம் உடைந்து, சொந்த ஊருக்கே திரும்பிவிடுவதென்று மூட்டை கட்டிய வேளை. ஸ்ரீநிவாஸ் அவரைப் பார்க்க வந்தார். அண்மையில் தாம் பாடிய பாட்டு என்று சொல்லி இதைப் பாடிக் காட்டினார். வாலி ஊருக்குப் போகவில்லை. பிற்காலத்தில் இதை வாலியே நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

நான் கேட்பது இதுதான். அந்த அறையில் பிடில்கள் இருந்தனவா? புல்லாங்குழல் இருந்ததா? படத்தில் உள்ளபடி 'அப்படியே' இருந்ததா? ஒரு நண்பன் இன்னொரு நண்பனுக்கு எதிரே உட்கார்ந்து பாடிய பாட்டு அது. எந்தத் தட்டிலும் பதியாத அந்தப் பாட்டுத்தான் ஒரு கவிஞனைத் தமிழுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது. கடன் வாங்கி வந்த நாளில் ஒரு தகப்பன் திண்ணையில் பாடியதும் அந்த ஜாதிப் பாட்டுத்தான். அந்தப் பையன் பாடவந்தது அதை. நாம் அதைக் கையைக் காட்டி நிறுத்தினோம்.

ஸ்ரீநிவாஸ் தம் முதுமையில் தமக்குத்தாமே நினைவு விழா நடத்திக்கொண்டிருந்தவர் அல்லர். சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் 2008-இல் மூடப்படும் வரையில், அங்கே அவரை ஒரு மேஜையருகில் காணலாம். சட்டைப் பையில் வண்ண வண்ணப் பேனாக்கள். எதிரே காகிதக் கட்டு. பல பாஷைகளில் புதுப்புதுக் கவிதைகள். மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது அதைப் பற்றி ஆங்கிலத்தில் தாமே பாட்டெழுதி, எஸ். ஜானகியோடு பாடி இசைத்தட்டாக்கியவர். நேற்றைய தம்மையே நகல் எடுக்க விரும்பாத மனிதருக்கு, நாம் நகல் எடுத்து அஞ்சலி செலுத்துகிறோம்!

பென்னலூருக்குப் பக்கத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர். ராமாநுஜர் அவதரித்த தலம். குரு ரகசியமாக உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தின்மேல் ஏறி ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னவர் அவர். கேட்டவர்கள் எல்லோரும் அதை ராமாநுஜரின் குரலிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டதாக எந்த குரு பரம்பரைக் கதையும் சொல்லவில்லை. அவரவர் வாயால் சொன்னார்கள், அவரவர் கடைத்தேறினார்கள்.

ஸ்ரீநிவாஸின் குடும்பப் பெயர் 'பிரதிவாதி பயங்கரம்'. எதிர்வாதம் செய்கிறவர்களுக்குப் பயங்கரமானவர் என்று பொருள். அத்தனை மெல்லிய குரலுக்கு அப்படி ஒரு பெயர்! அந்தப் பெயரின் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். விழாக்குழுவினருக்கு என்மேல் கோபம் வரலாம். வரட்டும். அடுத்த ஆண்டும் என்னை அழைத்தால் ஒரே நிபந்தனையோடு வருவேன்: பாடுகிறவர்கள் தங்கள் தங்கள் குரலில் பாட வேண்டும், முடிகிற வரையில் யாரும் கையை உயர்த்தக் கூடாது.

அந்தப் பையனை எப்படித் தேடுவது என்றுதான் தெரியவில்லை. எனக்குப் போட்ட சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நான், அவன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.