புதுத் தண்ணீரும் நல்ல தண்ணீரும்

நான் இருக்கும் சித்தூருக்குக் கடல் கிடையாது. பக்கத்துத் திருப்பதி மாவட்டத்துக்கு 2022ல் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா கரை கிடைத்தது. நகரத்திலோ மலைதான். அந்த மலையடிவாரத்தில், வரவேற்பறையில் 200 லிட்டர் கடல் வைத்திருக்கிறார் என் நண்பர்.

அதில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் இருந்தது. ஆங்கிலத்தில் ஹாக்ஃபிஷ். மொழிபெயர்ப்பு பிழைப்பாகிவிட்டதால் உடனே ‘பருந்து மீன்’ என்று பெயர் வைத்தேன். அது மிதப்பதற்கான காற்றுப்பை இல்லாத மீன். நீந்துவதை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். அதனால் பாறை உச்சியில் துடுப்புகளை ஊன்றி உட்கார்ந்து, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும். சின்ன இறால் எதிரே வந்தால் ஒரே பாய்ச்சல். தொட்டியைச் சுத்தம் செய்ய விட்ட இரண்டு இறால்களும் ஒரு வாரம் தாங்கவில்லை. முட்டைகூட நுழையாத அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இதற்காகவே இறால் துண்டு உறைந்து கிடந்தது.

மே மாதம் நண்பர் மூன்று வாரம் வெளியூர் போனார். தொட்டி அவருடைய அம்மாவின் பொறுப்பு. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆங்கிலக் கையேட்டை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

திருப்பதி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பவளப்பாறை மீனுக்கு 26 டிகிரி அளவில் தண்ணீர் வேண்டும். நண்பர் தண்ணீருக்கு மேல் ஃபேன் மாட்டியிருந்தார். மண்பானை தத்துவம். ஆவியாக ஆகத்தான் குளிரும், ஆனால் தினம் மூன்று லிட்டர் போய்விடும். போவது தண்ணீர் மட்டுமே. உப்பு எங்கும் போவதில்லை. எனவே குறைவதற்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

கையேட்டில் ‘ஃப்ரெஷ் வாட்டர்’ என்றிருந்தது. நான் ‘புதுத் தண்ணீர் ஊற்றவும்’ என்று எழுதியிருந்தேன். அம்மா சிரத்தையாக லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்து, தினமும் புதுத் தண்ணீர் தயாரித்து ஊற்றியிருக்கிறார். இருபது நாளில் இரண்டு கிலோ உப்பு கூடுதல். 1.025 காட்ட வேண்டிய ஹைட்ரோமீட்டர் 1.032 காட்டியது. நண்பர் திரும்பியபோது மீன் பாறையிலிருந்து இறங்கித் தரையில் கிடந்தது. மறுநாள் செத்துப்போனது.

தமிழில் முதுகலை படித்தவன் செய்த கொலை இது.

நண்பருக்கு இன்னொரு பருந்து மீன் வேண்டுமாம். நான் தடுத்துக்கொண்டிருக்கிறேன். விற்பனைக்கு வரும் பருந்து மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடித்தவை. பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்து பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி, மயக்கி மீன் பிடித்திருக்கிறார்கள். பவளமும் சேர்ந்து சாகும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி மீன் போதாதா? “அது பருந்து மாதிரி உட்காருமா, சார்?” என்கிறார். உட்காராதுதான்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நல்ல தண்ணின்னு எழுதியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமேப்பா.”